பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க முதல் சுவரை ஒருக்கா தட்டிப் பாருங்கள்

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள். சுவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

போன ஆடியில் என் வகுப்புப் பிள்ளை ஒன்று நாலு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் பாடசாலை விட்டு, மண்முனைப் பாலத்தால் காத்தான்குடிக்குத் திரும்ப முதல் வீட்டை எட்டிப் பார்த்தேன். பிள்ளைக்கு இழுப்பு. வீடு பார்க்க வடிவாக இருந்தது. இளநீலப் பெயின்ட், விறாந்தையில் புது டைல்ஸ். ஆனால் அறைக்குள் கால் வைத்ததும் ஒரு மணம். நனைந்த சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அது.

"மழை பெஞ்சு எத்தின மாசம் சேர், கூரையிலயும் ஒழுக்கு இல்ல" என்றார் அம்மம்மா.

பிள்ளையின் கட்டில் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. தகப்பனும் நானும் அதை இழுத்தோம். பின்னால், முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் அப்பளம் மாதிரி ஊதி நின்றது. தொட்டால் உள்ளே பூச்சு மாவாக உதிர்ந்தது. பக்கத்து அலுமாரியின் முதுகுப் பலகை முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். அது பிள்ளை தலை வைத்துப் படுக்கிற பக்கம். இழுப்புக்கு இதுதான் காரணம் என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. ஆனால் இருக்கிற இழுப்பைப் பூஞ்சணம் கூட்டும் என்பது எந்த டொக்டரும் சொல்வதுதான்.

எப்படி வந்தது? 2024 நவம்பர் கடைசி வெள்ளம் அந்த வீட்டுக்குள் இரண்டு நாள் நின்றது. வடிந்ததும் கழுவினார்கள். வெயில் எறித்தது, சுவர் வெளுத்தது. தைப்பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெள்ளம் வடிந்து ஏழு கிழமை கூட ஆகவில்லை.

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நம்மட பகுதியில் வெள்ளத்தை விடப் பொங்கல் பெயின்ட்தான் சுவரைக் கூடக் கெடுக்கிறது என்பது என் எண்ணம். (நம்மட ஆக்களின் பெருநாள் பெயின்டும் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் உம்மாவின் அறைக்கு நானே இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன்.) நனைந்த சுவர் நல்ல காற்றோட்டத்தில் ஓர் அங்குலத் தடிப்புக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுத்துத்தான் காயும் என்பது கட்டடக்காரர் கணக்கு. ஆறு அங்குலக் கல்லென்றால் ஆறு மாதம். அதுவும் மாரி முடிந்த பிறகு எண்ணத் தொடங்க வேண்டும். தை வெயிலில் காய்வது சுவரின் தோல் மட்டும். அந்தத் தோலில் பிளாஸ்டிக் பெயின்டைப் பூசினால், உள்ளே கிடக்கிற தண்ணிக்கு வெளியே வர வழியில்லை.

வழியில்லாத தண்ணி சும்மா இராது. வகுப்பில் நான் காட்டுகிற பரிசோதனை ஒன்று இருக்கிறது. வெண்கட்டியின் நுனியை மைக்குள் நிறுத்தினால், மை தானாக மேலே ஏறும். சீமெந்துக் கல்லும் அப்படித்தான், உள்ளே மயிரளவு துளைகள். நிலத்து ஈரம் அதால் ஏறும், ஏறும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். வாவிக்கரைக் காணிகளில் உப்புக்குப் பஞ்சமா? ஈரம் ஆவியாகிற இடத்தில் உப்பு தங்கிப் பளிங்காக வளர்ந்து, பூச்சை உள்ளிருந்து தள்ளும். சுவரில் வெள்ளையாகப் பூப்பது இதுதான். அது சுண்ணாம்பு கழல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்குமேல் பெயின்ட் அடிப்பது புண்ணைக் கழுவாமல் பிளாஸ்டர் ஒட்டுவது போல. டைல்ஸ் ஒட்டுவது அதைவிட மோசம். கீழே அடைபட்ட ஈரம் டைல்ஸுக்கு மேலால் இன்னும் உயரத்தில் வந்து நிற்கும்.

முந்தியக் களிமண் வீடுகள் இந்த விசயத்தில் ஏமாற்றவில்லை. நனைந்தால் கரைந்தது, கண்ணுக்குத் தெரிந்தது, மண் குழைத்துத் திரும்பப் பூசினார்கள். சீமெந்து வீடு நோயை மறைத்து வைக்கும். கறையான் நிலையை அரித்து, கதவு கையோடு வரும்போதுதான் தெரியும். பீமுக்குள் கம்பி துருப்பிடித்தால் துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், கொங்கிரீட் வெடிக்கும்.

கண்டுபிடிக்க மெசின் ஒன்றும் தேவையில்லை. ஒரு ஐந்து ரூபாய்க் குற்றியால் சுவரைக் கீழிருந்து மேலே தட்டிக்கொண்டு போங்கள். சத்தம் மாறி டொக் டொக்கென்று வெறுமையாகக் கேட்கிற இடத்தில் பூச்சு கல்லை விட்டுவிட்டது. பிறகு ஓர் அடிச் சதுரப் பொலித்தீன் துண்டை அந்த இடத்தில் நாலு பக்கமும் டேப்பால் இறுக்கி ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். சுவர்ப் பக்கம் முத்து முத்தாகத் தண்ணி பிடித்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறைப் பக்கம் நனைந்தால் அது காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து விட்டால் போதும்.

கறை எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். நிலத்திலிருந்து மூன்றடிக்குள் என்றால் பெரும்பாலும் கீழிருந்து ஊறுவது. மேலிருந்து இறங்கினால் கூரை. நடுச்சுவரில், குளியலறைக்குப் பின்பக்கம் வட்டமாக நின்றால் குழாயைச் சந்தேகியுங்கள். கச்சான் அடிக்கிற ஆனி ஆடியிலும் அந்த வட்டம் காயாவிட்டால் அது மழைத் தண்ணியே இல்லை. இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டி மீற்றரின் இலக்கத்தைக் குறித்துவிட்டுப் படுங்கள். விடிய ஓடியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கொமட் டாங்கியில் கொஞ்சம் கலரிங் ஊற்றுங்கள், தண்ணி அடிக்காமலே அது கொமட்டுக்குள் இறங்கினால் ஒழுக்கு அங்கேதான்.

ஒன்றை மட்டும் பிந்தவிடாதீர்கள். காரணம் தெரியாமல் ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்தாலோ, சுவரில் கை வைக்கும்போது சுள்ளென்றாலோ, அது ஈரம் வயருக்குள் போனதாக இருக்கலாம். மெயினை நிற்பாட்டிவிட்டு அன்றைக்கே வயரிங் செய்கிறவரைக் கூப்பிடுங்கள். ட்ரிப் சுவிட்ச் விழுகுது என்று அதைக் கழற்றி நேரே இணைத்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு அது.

வீட்டுத்திட்டங்களில் காசு கட்டம் கட்டமாக வரும். அத்திவாரம், சுவர், கூரை. காசு காணாமல் போகும்போது மிச்சம் பிடிப்பது எதில்? கண்ணுக்குத் தெரியாததில். அத்திவாரத்துக்கு மேல், சுவர் தொடங்குகிற இடத்தில், முக்கால் அங்குலச் சீமெந்துச் சாந்து போட்டு அதன்மேல் சூடாகத் தார் பூச வேண்டும். மேசன்மார் டிபிசி என்பார்கள். முழு வீட்டுச் செலவில் அது சின்னத் துளி. வெள்ளம் அதற்கு மேலால் ஏறினால் தடுக்காது, உண்மைதான். ஆனால் வடிந்த பிறகு நிலத்திலிருந்து ஊறுவதை நிறுத்தும், சுவர் காய இடம் கொடுக்கும். கட்டம் பார்க்க வருகிறவர்கள் அத்திவாரத்தைப் போட்டோ எடுக்கும்போது தார்ப் பூச்சையும் சேர்த்து எடுத்துத்தான் அடுத்த காசை விட வேண்டும். எடுக்காவிட்டால் வீட்டுக்காரர் தானே எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பூசிய பிறகு யாருக்கும் காட்ட முடியாது. டிபிசி இருக்கிற வீடுகளிலும் கொங்கிரீட் வீதி உயர்ந்ததும் வளவுக்கு மண் நிரப்புகிறோம். அந்த மண் சுவரில் டிபிசிக்கு மேலே முட்டினால் அதைப் போட்டதும் போடாததும் ஒன்றுதான்.

"பொங்கலுக்குச் சொந்தக்காரர் வருவாங்க சேர், பூசாம எப்படி?" என்று கேட்பீர்கள். ஞாயமான கேள்வி. சுண்ணாம்பு அடியுங்கள். அது சுவரை மூச்சுவிட விடும், செலவும் குறைவு. பெயின்ட் ஆவணிக்குப் பொறுக்கட்டும். 2025 நவம்பரில் டித்வா 600 பேருக்கும் மேல் கொண்டுபோன நாட்டில் சுவர் ஈரம் ஒரு விசயமா என்றும் ஒருவர் கேட்டார். வெள்ளம் வடிந்த பிறகு, அந்தச் சுவரோடு படுத்து எழும்புகிறவர்களுக்கு விசயம்தான்.

அந்த வீட்டில் ஆவணியில் பூச்சை இடுப்பு உயரத்துக்குக் கொத்தி எடுத்தார்கள். கட்டில் இப்போது அறை நடுவில். பிள்ளை ஒழுங்காக வகுப்புக்கு வருகிறது. போன கிழமை போனபோது இந்தப் பொங்கலுக்கு வாங்கிய பெயின்ட் வாளி திறக்காமல் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சுவரில் கல் தெரிந்தது. "சனம் என்ன சொல்லுமோ" என்று அம்மம்மாவுக்கு இன்னும் கவலைதான்.