பாத்திரம் கழுவ ஆர் வாறீங்கள்?



"கூகிள் மேப்பை விடுவம், திறந்த மூல மென்பொருளைப் பாவிப்பம்" எண்டு சொல்லிறது எங்கட கூட்டங்களில இப்ப வழக்கம். நல்லது. ஆனால் அந்த மென்பொருளை ஆர் உயிரோட வைச்சிருக்கினம் எண்டு நாங்கள் கேட்கிறதில்லை. உழைப்பைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிற இடதுசாரிகளுக்கு இது அழகில்லை.

டென்மார்க்கை எடுங்கோ. 2018ஆம் ஆண்டின் 'கெட்டோ' சட்டங்கள், கடும் பட்டியலில் விழுந்த குடியிருப்புகளில் பொதுக் குடும்ப வீடுகளின் பங்கை 2030க்குள் 40 சதவீதமாகக் குறைக்கச் சொல்லின. கெல்லெரூப்பிலும் வொல்ஸ்மோஸிலும் எந்தக் கட்டடம் இடிபடுகிறது எண்டு குடியிருப்பாளரே வரைபடம் போட்டுக் காட்டலாம். அரசின் அடிப்படைப் புவித்தரவுகள் 2013 ஜனவரி 1 முதல் இலவசம். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கும் ஒரு குரோனர் கட்டத் தேவையில்லை.

இரண்டையும் இணைக்கிறது பிளகின்: பைத்தனில் எழுதின சின்ன நிரல். அரசின் சேவை மாறினால் அதுவும் மாறவேணும். கோர்ட்ஃபோர்சுனிங்கன் டேட்டாஃபோர்சுனிங்கன் ஆனபோது அப்படித்தான். மென்பொருள் மாறினாலும் மாறவேணும். 2018 பெப்ரவரியில் கியூஜிஐஎஸ் 3 வந்தபோது, பிளகின்கள் பைத்தன் 2இலிருந்து 3க்கும் கியூடி 4இலிருந்து 5க்கும் போகவேண்டியிருந்தது. மாற்ற ஆளில்லாதவை புதுப் பதிப்பில் வேலை செய்யேல்லை. இப்ப கியூடி 6க்காக அதே வேலை திரும்ப வந்திருக்கு.

நானும் ஒரு சின்னப் பிளகினைப் பராமரிக்கிறன். வேலை முடிஞ்சு இரவில, சம்பளமில்லாமல். வாற கடிதங்களில பாதி, "வேலை செய்யுதில்லை, நாளைக்குள்ள திருத்துங்கோ" எண்டுதான் இருக்கும்.

"ஜிபிஎல் உரிமம்தானே, ஆரும் திருத்தலாம்" எண்டு சிலர் சொல்லுவினம். உரிமை எல்லாருக்கும் இருக்கு, நேரம் ஆருக்கு இருக்கு? குசினி எல்லாருக்கும் பொது, பாத்திரம் கழுவிறது மட்டும் அம்மா. எங்கட வீடுகளில எதிர்த்த அதே பழக்கத்தை மென்பொருளில ஏன் ஏற்கிறம்?

இந்த நாட்டு விவசாயிகளுக்கு இது எப்பவோ விளங்கியிருந்தது. 1882இல் மேற்கு யூலாந்தின் யெடிங்கில் முதல் கூட்டுறவுப் பால் ஆலையைத் தொடங்கினவர்கள், லாபத்தை மட்டும் பங்கு போடவில்லை. கடனுக்கும் சேர்ந்தே பொறுப்பெடுத்தார்கள்.

ஆகவே நான் கேட்கிறது இதுதான். ஒவ்வொரு பிரசாரத்துக்கும் புது ஆப் கட்டிறதை நிறுத்துவம். நாங்கள் பாவிக்கிற பிளகின்களைப் பட்டியல் போட்டு, சந்தாக் காசில ஒரு பங்கை அவற்றைப் பராமரிக்கிறவைக்கு ஒதுக்குவம். பைத்தன் தெரிந்தவர் பிழை திருத்தட்டும். தெரியாதவர் புதுப் பதிப்பைச் சோதிக்கட்டும், தமிழிலும் டேனிஷிலும் கையேடு எழுதட்டும். உரிமக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கிற கொம்யூன்களிடம், அதில ஒரு பகுதியைப் பராமரிப்புக்குத் தாங்கோ எண்டு பகிரங்கமாகக் கேட்பம்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதை முதலாவதாகப் போடுங்கோ. கடைசியில் போட்டால் எல்லாரும் பஸ் பிடிக்க எழும்பிப் போயிடுவினம்.