நீரோட்டமும் கவர்க்கொம்பும்

யாழ்ப்பாணத்தில் கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்ப்பவரை அழைப்போர் இன்றும் உளர். கவர்விட்ட கொம்பொன்றை இரு கைகளாலும் பற்றியவாறு அவர் வளவைச் சுற்றி நடப்பார். கொம்பு தாழுமிடத்தில் முளை அறைவார்கள். அங்கே தோண்டினால் நீரும் வரும். இதனினும் வேறு சான்று வேண்டுமோ என்பர்.

வேண்டும் என்பதே என் துணிபு. ஆறில்லாத நம் குடாநாட்டின் அடியிலே கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகின்றது. ஆதலால் வலிகாமத்துச் செம்மண் வளவில் முளையை எங்கே அறைந்தாலும் பெரும்பாலும் நீர் கிடைக்கும். கொம்பின் வல்லமையை அறிய, அது தாழாத இடத்திலும் தோண்டிப் பார்த்தல் வேண்டும். அச்செலவை ஏற்பார் யார்?

ஜேர்மனியில் இதனை வேறு வகையாகச் சோதித்தனர். 1987, 1988ஆம் ஆண்டுகளில், மியூனிக் நகரை அண்டிய களஞ்சியமொன்றின் கீழ்த்தளத்தில் நீர்க்குழாயை இடம் மாற்றி மாற்றி வைத்து, மேற்றளத்தில் நடந்தோரை அதன் இடத்தைக் காட்டச் சொன்னார்கள். ஏறக்குறைய 500 பேரிலிருந்து தெரிந்தெடுத்த 43 பேர், 843 சோதனைகள். சிலரிடம் அந்த ஆற்றல் உண்டென்றனர் ஆய்வாளர். 1999இல் அக்கணக்குகளை மீளாராய்ந்த என்ரைட் என்னும் அறிஞரோ, அது தற்செயலின் மேலானதன்று எனக் காட்டினார்.

கொம்பு பார்ப்பவரை ஏமாற்றுக்காரர் என நான் சொல்லேன். மனத்தின் எதிர்பார்ப்பு தானறியாமலே தசையை அசைக்கும் என்பதைக் கார்ப்பென்டர் என்னும் ஆங்கில மருத்துவர் 1852இலேயே விளக்கியுள்ளார். புற்றையும் மரத்தையும் கண்டு நீரறியும் முறைகளை வராகமிகிரரும் பிருகத் சங்கிதையில் எழுதிவைத்தார். நிலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணை மதிக்கின்றேன். கொம்பை நம்புதற்கில்லை.

நமக்குள்ள வினாவும் வேறு. கிடைப்பது நன்னீரோ உவரோ? எவ்வளவு இறைக்கலாம்? குடாநாட்டின் நன்னீர், கடல்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. அதன் மேல்மட்டம் ஓரடி தாழ்ந்தால், அடியிலுள்ள உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலெழக்கூடும். துலா மிதித்த காலத்தில் இறைப்பவர் களைத்தபோது கிணறும் ஊறியது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. தோட்டத்துக்கு இடும் உரத்தின் நைத்திரேற்றும் கிணற்றை வந்தடைகின்றது. ஒருவர் ஆழத் துளைக்கும் குழாய்க்கிணறு அயல் வளவின் நீரையும் உவராக்கலாம். இவற்றுள் எதனையும் கொம்பு காட்டாது.

ஆகவே, நீரோட்டம் பார்க்கக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கையேனும் நீரின் உப்பையும் நைத்திரேற்றையும் அளப்பதற்குச் செலவிடுவோம். எங்கே தோண்டலாம் என்று கேட்கும் நாம், எவ்வளவோடு இறைப்பை நிறுத்தலாம் என்று கேட்கவும் பழகவேண்டும்.