எஸ்பியை யார் கேள்வி கேட்பது?

சிகாமட் வட்டாரத்தில் கோயில் மண்டபத்தில் எந்தக் கூட்டம் நடந்தாலும், கடைசி வரிசையில் பாத்தேக் சட்டைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் எஸ்பி, அதாவது போலீஸ் சிறப்புப் பிரிவின் ஆள் என்பது தேத்தண்ணி ஊற்றும் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். "அண்ணே, அடுத்துப் பேசுறவரு பேரு என்னா?" என்று செயலாளரிடமே கேட்டு எழுதிக்கொள்வார். நல்ல மனிதர்தான். அவர் எழுதும் தாள் எங்கே போகிறது, அதை வெளியாள் யாராவது கேட்டு வாங்கிப் பார்க்க முடியுமா என்பதே என் கேள்வி.

சிறப்புப் பிரிவு 1948-ல், அவசரகாலத்தின் தொடக்கத்தில் பிறந்தது. எங்கள் பெற்றோர் காலத்துத் தோட்ட மக்கள் அடையாளக் கார்டைக் காட்டிவிட்டுப் பால்வெட்டப் போனார்கள். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாதென்று வேலி வாசலில் சாப்பாட்டுத் தூக்கையும் திறந்து பார்த்தார்கள். இத்தனை கெடுபிடியால் நடக்காதது 1958-ல் நடந்தது. தென்மலாயா கம்யூனிஸ்டுத் தலைவர் ஹோர் லுங் அந்த ஏப்ரலில் வடக்கு ஜொகூரில் சரணடைந்தார். எஸ்பி மாதக்கணக்கில் மூச்சுவிடவில்லை. அவரையே திரும்பக் காட்டுக்குள் அனுப்பி, தலைவரின் வாயாலேயே சொல்லவைத்து, ஏறத்தாழ 160 பேரை வெளியே கொண்டுவந்தது. சன்மானமும் கொடுத்தார்கள், கணிசமாகவே. ஆளறிந்து, பொறுமையாகச் செய்த வேலை அது.

1960-ல் அவசரகாலம் முடிந்த கையோடு இசா எனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விசாரணை இல்லாமல் உள்ளே போடலாம் என்றதும் அந்தப் பொறுமைக்கு அவசியமில்லாமல் போனது என்பேன். 1987-ல் ஓப்பராசி லாலாங் என்ற கைது வேட்டையில் நூற்றுக்கு மேற்பட்டோர் பிடிபட்டார்கள். எதிர்க்கட்சியின் கர்ப்பால் சிங்கும் பி. பட்டுவும் அதில் அடக்கம். 2007-ல் இந்தியர் உரிமைக்காகப் போராடிய ஹிண்ட்ராஃப் ஐவர் கமுந்திங் தடுப்பு முகாமுக்குப் போனார்கள். 2012-ல் இசா போய் சொஸ்மா எனும் பாதுகாப்புக் குற்றச் சட்டம் வந்தது. 2019 அக்டோபரில் விடுதலைப் புலிகள் தொடர்பு என்று 12 பேரைப் பிடித்தார்களே, அதில் இருவர் சட்டமன்ற உறுப்பினர்கள். நான்கு மாதம் கழித்துச் சட்டத்துறைத் தலைவர் டோமி தோமஸ் வழக்கைக் கைவிட்டார். கைப்பேசியில் புலித் தலைவர் படம் வைத்திருப்பவனெல்லாம் பயங்கரவாதி என்றால், நம் சனத்தில் பாதிப்பேரை அள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்கும்!

அதற்காக எஸ்பியே வேண்டாம் என்று சொல்பவன் நானில்லை. ஜெமா இஸ்லாமியா என்ற பயங்கரவாத அமைப்போடு பிணைந்த லுக்மானுல் ஹக்கீம் பள்ளி நம் ஜொகூரின் உலு திராமில்தான் இருந்தது. அந்த வலைப்பின்னலை 2001-லிருந்து அறுத்தவர்கள் இவர்கள். அதே உலு திராமில் 2024 மே 17 விடியற்காலை, ஒருவன் காவல் நிலையத்துக்குள் புகுந்து இரண்டு இளம் போலீஸ்காரர்களைக் கொன்றான். கோயில் மண்டபத்தைக் கவனிக்கும் கண்கள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்று அன்று நினைத்தவன் நான் ஒருவன் மட்டுமா?

ஆனால் கேள்வி கேட்க ஆளில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்தோம். போதகர் ரேமண்ட் கோ, சமூக ஆர்வலர் அம்ரி சே மாட் ஆகியோர் காணாமல்போனதற்குச் சிறப்புப் பிரிவே காரணம் என்று மனித உரிமை ஆணையமான சுஹாகாம் 2019 ஏப்ரலில் முடிவு சொன்னது. அதன் பிறகும் பதில் கேட்டு அவர்களின் மனைவிமார் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

சிறப்புப் பிரிவை அமைத்துக் கொடுத்த பிரிட்டன், தன் உளவுத்துறையைக் கேள்வி கேட்க 1994-லேயே நாடாளுமன்ற உறுப்பினர் குழுவைச் சட்டப்படி வைத்துக்கொண்டது. எதிர்க்கட்சிக்காரர்களும் அதில் உண்டு. இங்கேயும் அப்படியொரு குழு வேண்டும். ரகசியம் காக்க உறுதிமொழி எடுக்கட்டும், கோப்பைத் திறக்கும் அதிகாரமும் அவர்களுக்கு இருக்கட்டும். ஜொகூரிலிருந்து 26 பேரை மக்களவைக்கு அனுப்பியிருக்கிறோம். அடுத்த கூட்டத்தொடரில் இதை எழுப்பப் போவது அவர்களில் யார்?