பங்குச் சந்தையில் ஒரு வாடகை

ஓய்வு பெற்றதும் கைக்கு வரும் பணத்தில் ஒரு ஃபிளாட் வாங்கி வாடகைக்கு விடலாம் என்பதுதான் நம் குடும்பங்களில் இன்னும் முதல் யோசனை. 80 லட்ச ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 20,000 வாடகை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3 சதவீதம். சொத்து வரி, பராமரிப்பு, பெயின்ட், ஆள் வராமல் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அதனால் வாடகை வருமானம் தேடுகிறவர்களிடம் ரீட் பற்றியும் சொல்கிறேன். ஆனால் எல்லோரிடமும் சொல்வதில்லை.

பலரின் பணத்தைத் திரட்டி அலுவலக வளாகங்களையும் மால்களையும் வைத்துக்கொண்டு, வரும் வாடகையைப் பகிர்ந்து கொடுப்பதுதான் ரீட். செபி 2014-ல் விதிகளை வகுத்தது. முதல் ரீட்டான எம்பஸி, 2019 ஏப்ரலில் பட்டியலானது. அப்போது இதில் நுழையவே 2 லட்சத்துக்கு மேல் வேண்டியிருந்தது. 2021-க்குப் பிறகு டீமேட் கணக்கு இருந்தால் ஒரு யூனிட்கூட வாங்கலாம். சென்னையிலேயே போரூர் காமர்ஸோன் அலுவலக வளாகம் மைண்ட்ஸ்பேஸ் ரீட்டிடம் இருக்கிறது. வடபழனி விஜயா மால் நெக்ஸஸ் ரீட்டிடம். அந்த மாலின் கடைகள் கட்டும் வாடகையில் சில நூறு ரூபாய் போட்டவருக்கும் ஒரு துளி உண்டு.

விதிகள் எனக்குப் பிடித்தவை. சொத்து மதிப்பில் 80 சதவீதமாவது கட்டி முடிந்து வருமானம் தருபவையாக இருக்க வேண்டும். பகிரத்தக்க பணத்தில் 90 சதவீதத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். கடன் 49 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சமீப ஆண்டுகளில் சந்தை விலைக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் வரை கையில் கிடைத்திருக்கிறது. இந்த எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது தவறு. வருகிற பணம் ஒரே வகையானதல்ல. வட்டியாக வரும் பகுதிக்கு உங்கள் வருமான வரி விகிதப்படி வரி உண்டு. டிவிடெண்டுக்கு வரி உண்டா இல்லையா என்பது, கட்டடத்தை வைத்திருக்கும் நிறுவனம் எந்த வரி முறையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இன்னொரு பகுதி, அந்த நிறுவனம் ரீட்டிடம் வாங்கிய கடனைத் திருப்பித் தருவது என்ற கணக்கில் வருகிறது. அது லாபமே இல்லை. நீங்கள் போட்ட முதலில் ஒரு பங்குதான் திரும்பி வருகிறது. வாங்கிய விலையில் அது கழிக்கப்படுவதால் விற்கும்போது வரி கூடும். அதையும் வாடகை என்று நினைத்துச் செலவழிப்பவர் தன் முதலைச் செலவழிக்கிறார்.

அடுத்து, பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடுவது. இங்கேதான் நான் சிலரைத் தடுக்கிறேன். நம் அலுவலக ரீட்களின் வாடகைதாரர்களில் பெரும்பகுதி ஐடி நிறுவனங்களும், வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நடத்தும் தொழில்நுட்ப மையங்களும்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஐடி வேலை, அதே சாலையில் கடனில் வாங்கிய ஃபிளாட் என்று இருக்கும் இளைஞர் அலுவலக ரீட்டும் வாங்கினால் எதைப் பிரித்துப் போட்டதாக ஆகும்? ஐடி துறை தள்ளாடினால் சம்பளம், வீட்டு விலை, ரீட் வாடகை மூன்றும் ஒன்றாகத் தள்ளாடும். 2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்து வேலை பார்த்தபோது அலுவலகத் தளங்கள் காலியாகின. புதிய நிறுவனங்களுக்கு வரிச் சலுகையும் நின்றுபோனதால் சிறப்புப் பொருளாதார மண்டலக் கட்டடங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. 2023 டிசம்பரில் அரசு விதியைத் தளர்த்திய பிறகுதான் அந்தத் தளங்களை மற்றவர்களுக்கும் விட வழி பிறந்தது.

அரசுப் பள்ளியில் ஓய்வு பெற்று, பென்ஷனும் வங்கி டெபாசிட்டுமாக இருப்பவரின் நிலை வேறு. அவருக்கு இது உண்மையிலேயே புதிய வருமான வழி. அவரும் டெபாசிட் முழுவதையும் எடுத்து இதில் போடக் கூடாது. வட்டி விகிதம் ஏறும்போது யூனிட் விலை இறங்கக்கூடும். சேமிப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கும் முன் அந்த ரீட்டின் கடைசி நான்கு காலாண்டு அறிக்கைகளை எடுத்து, வட்டி எவ்வளவு, டிவிடெண்ட் எவ்வளவு, திரும்பி வந்த முதல் எவ்வளவு, காலியாகக் கிடக்கும் இடம் எவ்வளவு என்று பாருங்கள். இவை பங்குச் சந்தை இணையதளங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன.