ஒரு கிராம் எமன்

திருவனந்தபுரம் தம்பானூர் சாலையில் மணிக்கு 27 கி.மீ. வேகத்தில் வரும் 1,000 கிலோ காருக்கு யாரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். விண்வெளியில் விநாடிக்கு 7.5 கி.மீ. வேகத்தில் பறக்கும் ஒரு கிராம் பெயின்ட் துணுக்கும் அதே அளவு ஆற்றலுடன்தான் மோதும். எடை இரு மடங்கானால் இயக்க ஆற்றல் இரு மடங்காகும். வேகம் இரு மடங்கானாலோ நான்கு மடங்கு. 1983-ல் சாலஞ்சர் விண்கலத்தின் ஜன்னல் கண்ணாடியில் குழி பறித்ததும் ஒரு பெயின்ட் துணுக்குதான். மனிதர்கள் பயணம் செய்யும் பாதையில் குப்பை சேர்ப்பது ஆபத்து. இதே ஊரின் தும்பாவில் உருவான பிஎஸ்எல்வி ராக்கெட் ஒன்று 2024 ஜனவரியில் பறந்தது. பணி முடிந்ததும் அதன் கடைசிக் கட்டத்தை இஸ்ரோ தாழ்வான பாதைக்கு இறக்கிவிட்டது. மார்ச் 21-ல் அது வளிமண்டலத்துக்குள் திரும்பி வந்து விழுந்தது. குப்பையைக் கூட்ட முடியாத இடத்தில், போடாமலிருப்பதே புத்திசாலித்தனம்.