ஆலையைக் காப்பது அரசின் வேலையா?

சென்னை மெட்ரோ ரயிலில் முதன்முறையாக ஏறியபோது, இப்பெட்டிகளைச் செய்தவர் யார் என்று விசாரித்தேன். 'அல்ஸ்தோம்' என்னும் பிரெஞ்சு நிறுவனம் என்றார்கள். அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது எழுந்த சில எண்ணங்களை இங்கே எழுதுகிறேன்.

1871ஆம் ஆண்டு. போரில் தோற்ற பிரான்ஸ், அல்சாஸ் மாநிலத்தை ஜெர்மனிக்குப் பறிகொடுத்தது. முலூஸ் நகரில் ரயில் இயந்திரங்கள் செய்துவந்த தொழிற்சாலை, இருந்த இடத்திலேயே அந்நிய நாட்டுக்குள் போய்விட்டது! 103 நாள் முற்றுகையைத் தாங்கிப் பிரான்சின் கையிலேயே தங்கிய ஊர் பெல்போர். அங்கே 1879இல் அந்நிறுவனம் ஒரு புதிய தொழிற்சாலையைக் கட்டியது. 1928இல் அதன் ஒரு பகுதியும் தோம்சன் ஹூஸ்டன் என்ற மின்சாரக் கம்பெனியும் இணைந்தன. அல்சாஸும் தோம்சனும் சேர்ந்து பெயர் அல்ஸ்தோம் ஆயிற்று.

1972இல் இந்நிறுவனம் செய்த முதல் அதிவேக ரயில், எரிவாயுச் சுழலி கொண்டு மணிக்கு 318 கிலோமீட்டர் ஓடியது. மறு ஆண்டே எண்ணெய் விலை ஏறியது. சோர்ந்துவிட்டார்களா? இல்லை, மின்சாரத்துக்கு மாறினார்கள். 1981இல் பாரிஸ்-லியோன் பாதையில் ஓடத் தொடங்கிய புகழ்பெற்ற டி.ஜி.வி. ரயில் அவ்வாறு பிறந்ததே. 2007இல் அதன் வழிவந்த ரயில் ஒன்று 574.8 கிலோமீட்டர் வேகம் கண்டது.

அத்தகைய பெல்போரில் ரயில் செய்வதை நிறுத்தப்போவதாக 2016 செப்டம்பரில் நிர்வாகம் அறிவித்தது. 400க்கும் மேற்பட்ட தொழிலாளர்களின் பிழைப்பு கேள்விக்குறியானது. ஊரே கொதித்தது. அடுத்த மாதமே 15 அதிவேக ரயில்களுக்கு ஆர்டர் தருவதாக அரசு அறிவித்தது. ஆனால் அவை ஓடவிருந்த தெற்குப் பாதையிலோ பழைய தண்டவாளமே. முழு வேகத்தில் ஓட வழியில்லை. 'மக்கள் பணம் வீண்' என்று பலர் ஏசினர்.

அவர்கள் ஏசியதில் நியாயம் உண்டு. ஆயினும் 'ஆலை மூடட்டும், நமக்கென்ன' என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. என் தந்தையார் வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது எங்கள் தெருவே களையிழந்ததைக் கண்டவன் நான். இருபது ஆண்டு தறியில் பழகிய கை, மறுநாள் எந்த வேலைக்குப் போகும்? கைத்திறன் ஒருமுறை கலைந்தால் மீண்டும் கூடாது.

உதவி என்றாலே நட்டம் என்பதும் சரியன்று. இதே நிறுவனம் 2004இல் திவாலாகும் நிலையில் இருந்தபோது, பிரெஞ்சு அரசு சுமார் 72 கோடி யூரோ கொடுத்துப் பங்குகளை வாங்கியது. 2006இல் அவற்றைச் சுமார் 200 கோடி யூரோவுக்கு விற்றது!

ஆகவே அரசு கைகொடுப்பது தவறன்று. காலம் கடந்து கைகொடுப்பதே தவறு என்பது என் கருத்து. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும். எந்தப் பாதைக்கு எத்தனை ரயில் தேவை என்பதை ஐந்தாண்டு முன்னரே திட்டமிட்டிருந்தால், தேவையற்ற ரயிலை வாங்கவும் வேண்டாம்; தொழிலாளி தெருவில் நிற்கவும் வேண்டாம்.

பொருளாதாரம் பயிலும் நண்பர்களே! இலாப நட்டக் கணக்கை எழுதும்போது, தொழிலாளியின் கைத்திறனுக்கும் அதில் ஒரு வரி ஒதுக்குங்கள்.