நாயின் கட்டியும் நித்தியகல்யாணியும்

காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையில் திரியும் நாயின் தோலிற் கட்டி கண்டால், சொறியென்றெண்ணிக் கல்லெறிந்து துரத்துவோர் பலர். இது தவறென்பது நமது துணிபு. அது புற்றாகவும் இருக்கலாம்; ஊசியால் உறிஞ்சிய அணுக்களை நுண்பெருக்கியில் நோக்கினாலன்றி உண்மை விளங்காது. மாஸ்ட் அணுப் புற்றாயின், சுற்றியுள்ள நல்ல தசையுஞ் சிறிது சேர்த்து அறுத்தெடுத்தல் வேண்டும், காலந்தாழ்த்தல் கேடு. தெருநாய்களிடையே கலவியாலும் நக்குதலாலும் தொற்றும் புற்றொன்று தோலிலுந் தோன்றும். அதற்கு வாரமொருமுறை வின்கிறிஸ்டின் ஊசியிட, பெரும்பாலானவை சில வாரங்களிற் குணமடைந்து உயிர் பிழைக்கின்றன. அம்மருந்து நம் கடற்கரை மணலிலும் பூக்கும் நித்தியகல்யாணியினின்று பெறப்படுவதன்றோ! 1903இல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் நம் சென்னை வேப்பேரியிலேயே உளது. மருந்து காலடியிற் பூத்திருக்க, நாம் கையிற் கல்லெடுத்தல் கற்றோர்க்கு அழகாமோ?